ஆரஞ்சு ராஜா லீவு

போன வாரம் மாடம்பாக்கத்திலிருந்து சுந்தரமூர்த்தி சார் போன் செய்தார். நலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. எடுத்ததுமே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

“தம்பி, இந்த வருஷம் ஆரஞ்சு ராஜா ஞாயித்துக்கிழமை வர்றார். லீவு திங்கக்கிழமைக்கு மாறுமா, மாறாதா?”

“மாறும்னுதான் நினைக்கிறேன் சார்.”

“நினைக்கிறது வேணாம். கேட்டுச் சொல்லு.”

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். லீவு மாறுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள, என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் தினேஷைத்தான் கேட்க வேண்டும். அவனுக்குப் போன் செய்தேன். “அண்ணா, இப்பல்லாம் ஆப்தான் எல்லாம் பார்த்துக்குது. லீவுன்னா வண்டியே காட்டாது. நான் ஹெச்.ஆர்.கிட்ட கேட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றான். வைக்கப் போனவன், “அது யாருண்ணா ஆரஞ்சு ராஜா? நம்ம டிரைவருங்க குரூப்புக்கு எழுதித் தாங்களேன், புதுப் பசங்களுக்கு ஒண்ணும் தெரியல” என்றான். எழுதலாமா, எழுதினால் யாருக்காவது சங்கடம் வருமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சம்பந்தப்பட்டவர் சுந்தரமூர்த்தி சார், அவரிடமே கேட்டேன். “எழுது, என் பேர், பொண்ணு பேரெல்லாம் மாத்திடு” என்றார். மாற்றியிருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்புறம் லாரியில் கிளீனர், ஸ்கூல் வேன், டிராவல்ஸ் கார் என்று போய், கடைசியில் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு கால் சென்டரில் கேப் ஓட்ட வந்தேன். கொஞ்ச வருஷத்தில் என்னை வண்டியிலிருந்து இறக்கி, டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் உட்கார வைத்தார்கள். எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும், யாரை முதலில் ஏற்ற வேண்டும், யாரைக் கடைசியில் இறக்க வேண்டும் என்று பார்ப்பதுதான் வேலை. எனக்கு அதற்கு ஒரே ஒரு தகுதிதான் இருந்தது. பயம். வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், பூட்டினோமா என்று கேம்ப் ரோடிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். வண்டி கிளம்பிவிட்டதா என்று ஒரு தரம் கேட்பேன், தாம்பரம் மேம்பாலம் ஏறிவிட்டதா என்று இன்னொரு தரம் கேட்பேன். டிரைவர்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

என்னை அங்கே உட்கார வைத்தவர் பத்மநாபன் சார். விமானப் படையில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்று, சேலையூரிலேயே வீடு கட்டிக்கொண்டு, எங்கள் டிரான்ஸ்போர்ட் பிரிவுக்குத் தலைவராக வந்தவர். எல்லோருக்கும் அவர் சார்ஜென்ட் சார்தான். குரலை உயர்த்த மாட்டார். டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது, குனிந்து கையால் தடவிப் பார்க்க வேண்டும். கதவின் உள்பூட்டு, தீயணைப்பான், கடைசி சீட்டின் பெல்ட் மூன்றையும் அவரே தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டி வெளியே போகும். பெண் பிள்ளைகளின் வீட்டிலிருந்து அம்மாவோ அப்பாவோ போன் செய்தால், ரிசீவரை எடுத்ததும் எழுந்து நின்றுவிடுவார். இன்னொரு கை தானாகச் சட்டையின் மேல் பட்டனைப் போடும். எதிரே யாரும் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

டெஸ்க்குக்கு அவர் சொன்ன சட்டம் சின்னது. “ஏழுமலை, வீட்டுலேர்ந்து கேட்டா பொய் சொல்லாத. ஊகிச்சும் சொல்லாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மேல ஒரு வார்த்தை வேணாம்.” முதல் இரண்டும் எனக்குச் சுலபம். மூன்றாவதுதான் கஷ்டம். பயந்தவனுக்கு அமைதி தாங்காது, எதையாவது பேசி ரொப்பிக்கொண்டே இருப்பான்.

எங்களிடம் இருந்தது மூன்று டீம். கிளாஸ்கோ டீம், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு. டப்ளின் டீமும் பெல்ஃபாஸ்ட் டீமும் அயர்லாந்துக்காரர்களுக்கு. நம்ம பிள்ளைகள் பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்து, அங்கே விடிந்து எழுந்தவர்களின் வண்டி இன்ஷூரன்ஸ் குறையைக் கேட்பார்கள். நமக்குத் தீபாவளி அன்று வேலை, பொங்கல் அன்றும் வேலை. லீவு அவர்களுக்கு விட்டால்தான் நமக்கு. அதில்தான் பேஜாரே. டப்ளினும் பெல்ஃபாஸ்ட்டும் ஒரே தீவுதான், ஆனால் இரண்டு அரசாங்கம். சில நாள் ஒன்றுக்கு லீவென்றால் இன்னொன்றுக்கு இருக்காது. புது வருஷம் பிறந்து இரண்டாம் தேதியும் ஸ்காட்லாந்துக்கு லீவு, மற்ற இரண்டுக்கும் இல்லை. லீவு என்று தப்பாக நினைத்து ஒரு வண்டியை நிறுத்தினால், ஒரு பெண் தெருமுனையில் வெயிலில் நிற்பாள். வேலை என்று தப்பாக நினைத்து அனுப்பினால், டீசலுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

“லீவுன்னு சொன்னா, யாரால லீவுன்னு கேளு” என்பார் சார்ஜென்ட் சார். “ஆளைத் தெரிஞ்சுகிட்டா தேதி மறக்காது.” ஒவ்வொரு லீவுக்கும் முதல் நாள், டிரைவர்களை வண்டி ஷெட்டில் நிற்க வைத்து அந்த ஆள் யார் என்று அவரே சொல்வார். எங்கிருந்து படித்தாரோ தெரியாது, நன்றாகப் படித்துவிட்டு வருவார்.

மார்ச் பதினேழு பேட்ரிக். அயர்லாந்தின் பெரிய புனிதர். அன்று அங்கே எல்லோரும் பச்சை உடுத்துவார்கள், அதனால் எங்களுக்குப் பச்சை சாமி. அவர் பிறந்தது அயர்லாந்திலேயே இல்லை, சின்ன வயதில் கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு வந்து ஆடு மேய்க்க விட்டார்கள், தப்பித்துப் போனவர் பிற்பாடு தானாகவே அதே ஊருக்குத் திரும்பி வந்தார் என்று சார் சொன்னதும், முனுசாமி கையைத் தூக்கினான். அவன் எங்கள் மூத்த டிரைவர்.

“இன்னா சார், அப்ப அவுரு அந்த ஊரு ஆளே இல்லியா?”

“இல்லப்பா.”

“அது எப்டி சார் அவுருக்குப் போயி ஊரே லீவு வுடுது?”

“யோவ், நீ திண்டிவனத்துலேர்ந்து வந்துகினு தாம்பரம் எங்கூருன்னு சொல்லிகினு திரியல? அது மாதிரிதான்” என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். ஷெட்டே சிரித்தது.

“எனுக்கு எவன்டா லீவு வுடுறான்?” என்றான் முனுசாமி.

நவம்பர் முப்பது அந்திரேயா, ஸ்காட்லாந்துக்காரர்களின் புனிதர். இயேசுவின் சீடர் பேதுருவின் தம்பி, மீன் பிடித்தவர். ஸ்காட்லாந்தில் அவர் கால் பட்டதே இல்லை, அவருடைய எலும்பு அங்கே போனதாகத்தான் சொல்கிறார்கள். அவரை அறைந்த சிலுவை பெருக்கல் குறி மாதிரி இருக்குமாம், கொடியிலும் அதுதான் இருக்கிறது. அதனால் பெருக்கல் சாமி. இந்த ஒரு நாள்தான் என்னை ரொம்பப் படுத்தியது. ஸ்காட்லாந்திலேயே சில ஆபீஸ் மூடும், சிலது மூடாது. நம்ம ஊரில் அது மழை நேரம் வேறு. கிளாஸ்கோவிலிருந்து பதில் வந்து, முடிச்சூர் பக்கம் தண்ணீர் நிற்கிறதா என்றும் தெரிகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. சமீபத்தில் டப்ளினுக்கு மட்டும் பிப்ரவரியில் ஒரு லீவு சேர்ந்தது, பிரிஜித் என்ற பெண் புனிதருக்காக. பாலும் பசுவும் அவருக்கு உகந்தது என்றதும் அவரை மாட்டுக்கார அம்மா ஆக்கிவிட்டார்கள். சாமி குத்தம் ஆகிவிடுமோ என்று எனக்குள் உதறல். நான் மட்டும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன்.

ஜூலை பன்னிரண்டு பெல்ஃபாஸ்ட்டுக்கு மட்டும். அதுதான் ஆரஞ்சு ராஜா, வில்லியம். அவருடைய பரம்பரைப் பெயரே ஆரஞ்சு.

இந்த லீவுகளில் இன்னொரு விஷயம் உண்டு. டெஸ்க்கில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. நம்ம வீடுகளில் தீபாவளி தெரியும், ரம்ஜான் தெரியும், கிறிஸ்துமஸ் தெரியும். பச்சை சாமியை எந்த அப்பாவுக்குத் தெரியும்? ஆகவே அந்த நாட்கள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தமானவை. வீட்டில் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். ஒரு கூட்டம் மகாபலிபுரம் போகும். ஒருத்தி பரீட்சைக்குப் படிக்க லைப்ரரி போவாள். ஒரு பையன் எங்கும் போகாமல் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சிலேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போவான், அவனுக்கு அதுவே போதும். முதல் நாள் டெஸ்க் ஜன்னலில் வரிசையாகத் தலைகள் எட்டிப் பார்க்கும். “அண்ணா, நாளைக்கு லீவுன்னு வீட்டுக்குப் போன் பண்ணிடாதீங்க.” நாங்கள் பண்ண மாட்டோம். ஆனால் வீட்டிலிருந்து கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டோம். அதைச் சொல்லித்தான் அனுப்புவோம்.

நித்யா பெல்ஃபாஸ்ட் டீமில் இருந்த பெண். மாடம்பாக்கம். அதிகம் பேச மாட்டாள். ஒவ்வொரு லீவுக்கும் தவறாமல் வந்து அதையே கேட்பாள். எவனையாவது நம்பி ஏமாறுகிறாளோ, நாளைக்கு ஏதாவது ஆனால் டெஸ்க்கைத்தானே கேட்பார்கள் என்று ஒரு நாள் நிறுத்தி நச்சரித்துவிட்டேன்.

“எங்கம்மா போற நீ?”

“அண்ணா, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல.”

“நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“உங்க மூஞ்சியிலயே ஓடுதே” என்று சிரித்துவிட்டுச் சொன்னாள். அவளுடைய அக்கா ரேவதி ஒரு கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு குரோம்பேட்டையில் இருக்கிறாள். அப்பா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டில் அக்கா பெயரையே எடுக்கக் கூடாது. மாடம்பாக்கத்துக்கும் குரோம்பேட்டைக்கும் பஸ்ஸில் எவ்வளவு தூரம்? ஆனால் தங்கை அக்காவைப் பார்க்க அயர்லாந்து ராஜா லீவு விட வேண்டும்.

“அக்கா இப்ப மாசமா இருக்காண்ணா, ஜூலை வந்தா ஏழு. யாரும் போய்ப் பார்க்கல. அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னை வேலையை விட்டு நிறுத்திடுவார். அப்புறம் அவளுக்கு நானும் இல்ல.”

கேட்டிருக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு. தெரியாமல் இருந்தபோது ஒரு பயம்தான். தெரிந்த பிறகு இரண்டு.

அந்த வருஷம் ஜூலை பன்னிரண்டு நடு வாரத்தில் வந்தது. பெல்ஃபாஸ்ட் லீவு. மற்ற வண்டிகளெல்லாம் ஆட்களை இறக்கிவிட்டு ஷெட்டில் நின்றன. டிரைவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சார்ஜென்ட் சார் ஷெட்டில் ஒரு வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். டெஸ்க்கில் நான் மட்டும். அப்போது கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஒருவரைக் கூட்டி வந்தார்.

வேட்டி, அரைக்கைச் சட்டை, நெற்றியில் வேர்வையில் கரைந்த திருநீறு. கழுத்தில் எங்கள் கம்பெனி ஐடி கார்டு தொங்கியது. போட்டோவில் நித்யா.

“நான் நித்யாவோட அப்பாங்க. சுந்தரமூர்த்தி. கார்டை டிவி மேலயே வச்சிட்டுப் போயிடுச்சு. இது இல்லாம உள்ள விடமாட்டாங்கன்னு சொல்லும். பாவம், வெயில்ல வாசல்லயே நிக்குமோன்னு மொபெட்டை எடுத்துட்டு வந்தேன். வழியில கீழ விழுந்துடக் கூடாதுன்னு கழுத்துலயே மாட்டிக்கிட்டேன்.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் டெஸ்க்கில் வந்து கத்தியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் நான் இவ்வளவு பயந்ததில்லை. தன் மகளின் முகத்தை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மனிதர் எதிரே நிற்கிறார். கோபமே இல்லை. கார்டைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார். வாங்கி வைத்துக்கொண்டு “சரிங்க சார்” என்றால் முடிந்தது. பொய்யும் இல்லை. வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவரே, “உள்ளதானே இருக்கு? ஒரு நிமிஷம் கூப்பிடுங்களேன், கையிலயே குடுத்துடறேன்” என்றார்.

கேட்டுவிட்டார். இனி வழியில்லை.

“இல்ல சார். இன்னைக்கு அவங்க டீமுக்கு லீவு.”

“லீவா? காலையில கிளம்பிப் போச்சே.”

“ஆமா சார்.”

“இன்னைக்கு என்ன லீவு? அமாவாசைகூட இல்லியே.”

“வெளிநாட்டு லீவு சார். ஒரு ராஜாவோட நாள்.”

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் இல்லாத லீவைச் சொல்லி எதையோ மூடி மறைக்கிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதற்றம். சார்ஜென்ட் சாரின் மூன்றாவது சட்டம் அந்த நிமிஷம் காற்றில் போனது.

“நிஜமாவே லீவு சார். வில்லியம்னு ஒரு ராஜா. ஆரஞ்சு ராஜான்னு நாங்க சொல்லுவோம். முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அயர்லாந்துல ஒரு ஆத்தங்கரையில சண்டை, அதுல அவர் ஜெயிச்சுட்டார். அதை இன்னைக்கும் கொட்டு அடிச்சு ஊர்வலம் போய்க் கொண்டாடறாங்க. அதுக்குத்தான்.”

“யாரை ஜெயிச்சார்?”

“ஜேம்ஸ்னு இன்னொரு ராஜா சார். ஸ்காட்லாந்து, அயர்லாந்து எல்லாத்துக்கும் அவர்தான் ராஜாவா இருந்தார். அவர் வந்து, இவரோட…”

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது, நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று. நிறுத்தினேன்.

“இவரோட?”

“மாமனார் சார்.”

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டையா?”

“ஆமா சார்.”

“எதுக்கு?”

“பதவிக்குத்தான் சார். அப்புறம்… அவர் ஒரு பிரிவு, இவர் வேற பிரிவு. சாமி ஒண்ணுதான். கோயில் வேற.”

“பொண்ணு?”

“மேரின்னு பேரு சார்.”

“பேரைக் கேக்கல. யார் பக்கம் நின்னுச்சு?”

“புருஷன் பக்கம் சார்.”

“அப்புறம் அப்பனும் பொண்ணும்?”

முதல் நாள்தான் ஷெட்டில் சார்ஜென்ட் சார் சொல்லிக் கேட்டிருந்தேன். முனுசாமிகூட “த்சொ” என்று உச்சுக் கொட்டினான். பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால், பிற்பாடு சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்லியிருப்பேன்.

“பார்த்துக்கவே இல்ல சார். அவர் கடல் தாண்டி வேற நாட்டுக்குப் போயிட்டார், அங்கயே இறந்துட்டார். பொண்ணு அவருக்கும் முன்னாடியே போயிடுச்சு. குழந்தையும் இல்ல.”

அவர் கழுத்திலிருந்த கார்டைக் கையில் எடுத்துத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

கையில் கிரீஸோடு சார்ஜென்ட் சார் உள்ளே வந்தார். யார் என்று நான் சொன்னதும், துணியில் கையைத் துடைத்துவிட்டு நேராக நின்றார். மேல் பட்டன் ஏறியது.

“சார்,” என்றார் சுந்தரமூர்த்தி, “என் பொண்ணு எங்க போயிருக்குன்னு உங்க ஆளுக்குத் தெரியும். அவர் முகத்துலயே தெரியுது.”

“தெரிஞ்சிருக்கலாம் சார். ஆனா அதை உங்க பொண்ணுதான் சொல்லணும். நாங்க சொல்றது மரியாதை இல்ல. இப்பவே அவங்களுக்குப் போன் போட்டு உங்க கையில தர்றேன். நீங்களே கேளுங்க.”

ரிசீவரை எடுத்து நீட்டினார். சுந்தரமூர்த்தி அதை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “குரோம்பேட்டையா?” என்றார்.

நாங்கள் இருவரும் பேசவில்லை. உள்ளதைச் சொல்லவும் கூடாது, பொய்யும் கூடாது, வேறென்ன செய்வது?

“நீங்க பதில் சொல்ல வேணாம்,” என்றார் அவரே. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். “நல்லா இருக்காளா?”

அதுவரை நித்யாவை “போச்சு”, “இருக்கு” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், பாசமாகச் சின்னப் பிள்ளையைச் சொல்கிற மாதிரி. இது வேறு ஒருத்தியைப் பற்றிய கேள்வி என்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. சார்ஜென்ட் சார் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அந்த அமைதி தாங்கும். எனக்குத் தாங்காது.

“ஏழாம் மாசம் சார்” என்று சொல்லிவிட்டேன்.

சார்ஜென்ட் சார் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் வேலை போயிற்று, அக்காவுக்கு இருந்த ஒரே துணையும் போயிற்று, எல்லாம் என் வாயால் என்று நினைத்தேன்.

“ஏழா?” என்றார் சுந்தரமூர்த்தி. அவ்வளவுதான் சொன்னார். விரல்கள் மட்டும் எதையோ கணக்குப் பார்க்கிற மாதிரி ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டன.

சார்ஜென்ட் சார் டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது. அவர் முழுதாகக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“இந்த மாதிரி லீவு வருஷத்துல எத்தனை வரும்?”

சார்ஜென்ட் சார் சுவரில் ஒட்டியிருந்த லீவுத் தாளைப் பார்த்து நிதானமாகப் படித்தார். “அடுத்தது ஆகஸ்ட் கடைசித் திங்கள் சார்.”

“ஒன்பதாம் மாசம்” என்றார் அவர், தனக்குள் பேசுகிற மாதிரி. பிறகு எழுந்து, கார்டைக் கழுத்திலிருந்து கழற்றி, நாடாவைச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இதை எடுத்த இடத்துலயே வச்சிடறேன். நான் வந்தேன்னு அதுகிட்டச் சொல்லாதீங்க.”

“அவங்களாக் கேட்டா நாங்க பொய் சொல்ல மாட்டோம் சார்.”

“கேக்காது. எப்படிக் கேக்கும்?” என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்க ரொம்ப நேரம் ஆயிற்று.

நான் சார்ஜென்ட் சாரிடம், “வேலையை விட்டுப் போகச் சொல்லுங்க சார், போயிடறேன்” என்றேன். அவர் பட்டனைக் கழற்றிக்கொண்டே, “உனக்கு வாயில பிரேக் வைக்க எந்த மெக்கானிக்காலயும் முடியாது ஏழுமலை. போ, அந்த வண்டிக்கு டயர் வந்துச்சான்னு பாரு” என்றார். அதற்கு மேல் என்றைக்கும் அதைப் பேசவில்லை.

மறுநாள் மாடம்பாக்கம் வண்டி கிளம்பினதிலிருந்து நான் முனுசாமியை விடவில்லை. “ஏறிடுச்சா?” “இன்னும் தெருவுக்கே போவல சார்.” “இப்ப?” “சார், நீ போனை வச்சாத்தான் நான் ஹாரன் அடிக்க முடியும்.” அப்புறம் அவனே கூப்பிட்டுச் சொன்னான். “ஏறிகிச்சு சார். கழுத்துல கார்டு கீது, கையில டப்பா கீது. இன்னா வோணும் உனுக்கு இன்னும்?”

ஆகஸ்ட் லீவுக்கு மறுநாள் நித்யா டெஸ்க்குக்கு வந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, நேத்து கிளம்பும்போது அப்பா ஒரு பை நிறைய மாதுளம்பழம் குடுத்தார். ஆபீஸ்ல யாராவது மாசமா இருந்தா குடுன்னார். அடியில அம்மா கண்ணாடி வளையல் வச்சிருந்தாங்க. அதுவும் ஆபீஸுக்காம்.”

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தில் எல்லாம் ஓடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

“நான் எதுவும் கேக்கலண்ணா,” என்றாள். “கேட்டா நீங்க சொல்லிடுவீங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவுக்கும் முன்னால் சுந்தரமூர்த்தி சார் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். “தம்பி, அடுத்த சாமி எப்போ?” அவ்வளவுதான் கேள்வி. குழந்தை பிறந்தது, பெண். மூன்றாம் மாசத்துக்குப் பிறகு, வெளிநாட்டு லீவு நாட்களில் நித்யாவும் அக்காவும் குழந்தையை மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். அப்பா அன்றைக்கு மட்டும் தற்செயலாகப் பிரகாரத்தில் இருப்பார். வேலை நாள், பகல் வேளை, உறவுக்காரர் யாரும் வர மாட்டார்கள். மருமகன் உள்ளே வருவதில்லை. தேர் நிலைக்குப் பக்கத்தில் பூக்கடை நிழலில் வண்டியில் சாய்ந்து நிற்பார். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அவரே போனில் சொன்னது. மகளிடம் பேசினாரா என்று நான் கேட்டதில்லை. அந்த அளவுக்கு எனக்கும் சட்டம் படிந்துவிட்டது.

கொரோனா வந்தது. பிள்ளைகளெல்லாம் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். நித்யா இப்போதும் அதே டீமில்தான், ஆனால் வீட்டு அறையிலிருந்து. அவளை ஏற்ற வண்டி போவதில்லை. லீவென்றால் லேப்டாப் மூடியிருப்பது வீட்டுக்கே தெரியும், அதனால் அந்த ரகசியமும் இனி யாருக்கும் கிடையாது. சார்ஜென்ட் சார் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். மார்ச் பதினேழு காலையில் அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு பச்சை வட்டம் மட்டும் வரும், வேறு ஒரு எழுத்தும் இருக்காது. நவம்பர் முப்பதுக்கு ஒரு பெருக்கல் குறி வரும்.

சில சமயம் யோசிப்பேன். அந்த ராஜாவின் பெயரைச் சொல்லி அங்கே இன்றும் ஒரு பக்கம் கொண்டாடுகிறது, ஒரு பக்கம் கதவைச் சாத்திக்கொள்கிறது என்று சார்ஜென்ட் சார் சொன்னார். சண்டையில் ஜெயித்த நாளுக்குத்தான் லீவு. அந்த அப்பாவும் பெண்ணும் கடைசி வரை பார்த்துக்கொள்ளாததற்கு எந்த நாளும் இல்லை. எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

தினேஷ் நேற்று பதில் சொன்னான். உடனே மாடம்பாக்கத்துக்குப் போன் செய்தேன்.

“திங்கக்கிழமை லீவுதான் சார். பதிமூணாம் தேதி. நல்லாக் கேட்டுட்டேன்.”

“சரி. நித்யா அன்னைக்கு ஃப்ரீயா இருக்கும்ல? அவ அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கும். பாத்திரம் எல்லாம் கிடக்கும் பார்.”

“என்ன பாத்திரம் சார்? திங்கக்கிழமை கோயில்தானே?”

“இல்ல தம்பி. ஞாயித்துக்கிழமையே வரச் சொல்லிட்டேன். வீட்டுக்கு.”

எனக்கு வழக்கம் போலப் பயம் முந்திக்கொண்டது. “ஞாயித்துக்கிழமைன்னா தெருவே வீட்டுல இருக்குமே சார். உங்க தம்பி வீடு வேற எதிர்லயே…”

“இருக்கட்டும்” என்றார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. ஆச்சரியமாக, அந்த அமைதியை நான் ரொப்பவில்லை. அவர்தான் பேசினார்.

“அது இல்ல தம்பி, எனக்கு ஒரே ஒரு யோசனைதான். நாங்க சைவம். மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை கறி இல்லாம சாப்பிட மாட்டாராம், பேத்தி சொல்லுச்சு. வீட்டுல செய்யத் தெரியாது. வெளியில வாங்கிட்டு வந்து இலையில போடலாம்னு பார்க்கறேன். மட்டன் பிரியாணி நம்ம பக்கம் எங்க நல்லா இருக்கும்? உனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

சேலையூரில் இரண்டு கடை, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கடை பெயரைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதில் ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே தீர்ந்துவிடும். மறுபடியும் போன் போட்டேன்.